நீள கேபிள் வேகத்தைத் தின்னுமா?

நம்பிக்கை: கேபிள் நீள நீள டேட்டா மெதுவாகும்.

உண்மை: செப்புக் கம்பியில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ விநாடி ஆகிறது. 2 மீட்டர் லேன் கேபிளுக்குப் பதில் 50 மீட்டர் கேபிள் போட்டாலும் கூடுதல் தாமதம் கால் மைக்ரோ விநாடிதான். ஜிகாபிட் ஈதர்நெட் 100 மீட்டர் வரை முழு வேகத்தில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. லேனில் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருந்தால் முதலில் கிரிம்பிங்கைப் (கம்பிகளை முனை பிளக்கில் இறுக்கிய விதத்தை) பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலே இந்தக் கோளாறு வரும். பழி மட்டும் நீளத்தின் மேல் விழும்.

அதற்காக நீளம் நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. தூரம் கூடினால் சிக்னல் தேயும்; அதிர்வெண் உயர்ந்தால் இன்னும் வேகமாகத் தேயும். மறுமுனையால் 0, 1 பிரித்தறிய முடிகிறவரை வேகம் துளியும் குறையாது. அந்த எல்லை தாண்டினால் பிழைகள் பெருகும். நெட்வொர்க்கில் கெட்டுப்போன பாக்கெட்டுகள் திரும்ப அனுப்பப்படுவதால் நமக்கு அது 'ஸ்லோ'வாகத் தெரியும். எச்டிஎம்ஐ படத்தைத் திரும்ப அனுப்பாது. திரையில் புள்ளிகள் மின்னும், சில சமயம் படமே போய்விடும்.

எனவே 'எத்தனை மீட்டர்?' என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த வேகத்துக்கு என்றும் கேட்க வேண்டும். கேட்-6 கேபிள் 1 ஜிபிபிஎஸ்ஸை 100 மீட்டர் கொண்டுபோகும். 10 ஜிபிபிஎஸ் என்றால் 55 மீட்டரை நம்பலாம். யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர். 40 ஜிபிபிஎஸ் யுஎஸ்பி4-க்கு, உள்ளே சிப் வைத்து சிக்னலைத் தூக்கிவிடாத சாதாரண கேபிள் என்றால், சுமார் 80 சென்டிமீட்டர்தான்.

நம்பிக்கை: குட்டை கேபிள் வாங்கினால் வேகம் நிச்சயம்.

உண்மை: 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோ 10 ஜிபிபிஎஸ் தாங்கும். பெட்டியில் கூட வந்த 1 மீட்டர் கேபிளோ யுஎஸ்பி 2.0 ரகம், 480 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. விலையுயர்ந்த போனுக்கு இப்படியொரு கஞ்சத்தனம்!

நம்பிக்கை: தங்க முலாம் பூசிய முனை வேகம் கூட்டும்.

உண்மை: கறுக்காது, துருப்பிடிக்காது. அவ்வளவுதான்.

நீளத்துக்கேற்பப் படிப்படியாக வேகம் குறைந்தது பழைய தொலைபேசிக் கம்பி பிராட்பேண்டில். ஏடிஎஸ்எல்2+ எக்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். சில கிலோமீட்டர் தள்ளிப்போனால் மோடமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் சந்தேகம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம்.