பள்ளித் தொட்டித் தண்ணீர்: எந்தச் சோதனையை நம்புவது?

ஆவடியில் உள்ள எங்கள் பள்ளியில் மாடித் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்று நீர், குழாய் நீர் இரண்டும் வருகின்றன. கோடையில் சில நாள் லாரித் தண்ணீரும் சேரும். அறிவியல் ஆய்வகத்துக்காக வாங்கிய டி.டி.எஸ். மீட்டரால் மாதம் ஒருமுறை அதைச் சோதித்து, எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன். 340, 360 என்று வரும். 500-க்குள் இருப்பதால் நல்ல தண்ணீர் என்று மாணவர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லி வந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு வாரம், ஏழாம் வகுப்பில் பல பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் வரவில்லை. அன்றும் மீட்டர் 350 காட்டியது. "சார், கிருமி இருந்தா இந்த மீட்டர்ல தெரியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாது என்பதுதான் பதில். பிள்ளைகளுக்கு நோய் வந்தது எங்கள் தண்ணீராலா, வேறு காரணத்தாலா என்று உறுதியாகச் சொல்லவும் என்னிடம் வழியில்லை. தவறான கேள்விக்குத்தான் அத்தனை மாதமும் விடை எழுதிக்கொண்டிருந்தேன்.

கேள்வி முதலில், கருவி பிறகு

டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500 சொல்லும் 500 மில்லிகிராம் என்ற வரம்பு உப்புக்கானது. கழிவுநீர் சிறிது கலந்தாலும் மீட்டரின் எண் பெரிதாக மாறாது.

கிருமியிலிருந்து நீருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பது நம் கேள்வியானால், பார்க்க வேண்டியது எஞ்சிய குளோரின். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது அதே அளவுகோல். வெயிலும் சூடும் குளோரினைக் குறைத்துவிடும். நீச்சல் குளத்தில் அடிக்கடி குளோரின் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மொட்டை மாடியில் காயும் நம் தொட்டிக்கும் இது பொருந்தும்.

மூன்று வழிகள்

சோதனைத் தாள்: விலை குறைவு, நொடிகளில் முடியும். ஆனால் ஈரக்காற்றில் கெட்டுப்போகும். 0-க்கும் 0.5-க்கும் இடையிலான நிற வேறுபாட்டைக் கண்ணால் பிரிப்பது கடினம். நமக்கு வேண்டிய 0.2 அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆர்த்தோடாலிடின் சொட்டு: குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்போ நைட்ரைட்டோ இருந்தாலும் மஞ்சள் தோன்றி நம்மை ஏமாற்றக்கூடும். இது நச்சுத்தன்மை உள்ள வேதிப்பொருள். மாணவர் கையில் தரக் கூடாது.

டி.பி.டி. மாத்திரை: இளஞ்சிவப்பு நிறம் தரும். கிருமியை விரைந்து அழிக்கும் கட்டற்ற குளோரினைத் தனியாகக் காட்டும். பள்ளிக்கு ஒன்று மட்டும் வாங்க முடியுமானால் இதையே பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை உண்டு: குளோரின் மிக அதிகமானால் நிறம் வெளுத்து, குளோரினே இல்லாததுபோல் தெரியும். தண்ணீரில் காரமான குளோரின் நெடி இருந்தும் நிறம் வராவிட்டால், குளோரின் இல்லாத நீரை ஊற்றி நீர்த்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

சோதனையையே சோதிப்போம்

எந்த வழியானாலும் நம்புவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். வகுப்பில் இதை இப்படிச் செய்யலாம்:

1. மூன்று குவளைகள் எடுங்கள். முதலாவதில் கொதிக்க வைத்து ஆறவைத்த நீர். இரண்டாவதில் அதே நீருடன் பிளீச்சிங் பவுடர் கரைசலின் தெளிநீர் ஒரு சொட்டு. அதை ஆசிரியரே விட வேண்டும். மூன்றாவதில் பள்ளிக் குழாய் நீர்.
2. முதல் குவளையில் நிறம் வரக் கூடாது, இரண்டாவதில் வர வேண்டும். அப்படி நடக்காவிட்டால் மாத்திரை கெட்டிருக்கலாம், அல்லது குளோரின் கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை மூன்றாவதன் முடிவை எழுத வேண்டாம்.
3. இரண்டு மாணவர்கள் தனித்தனியே நிறத்தைப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அளவை எழுதட்டும். பிறகு ஒப்பிடுங்கள்.
4. குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு நீர் பிடியுங்கள். அங்கேயே சோதியுங்கள். தொட்டிக்கு மிகத் தொலைவில் உள்ள குழாயைத் தேர்ந்தெடுங்கள்.

சோதித்த நீரைக் குடிக்கவோ தொட்டியில் ஊற்றவோ கூடாது.

குளோரின் இல்லையென்றால்?

குளோரின் இல்லை என்பதால் கிருமி இருக்கிறது என்று ஆகிவிடாது. பாதுகாப்பு இல்லை என்றுதான் பொருள். மலக்கலப்பு உண்டா என்று அறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி உதவும். இந்திய ஆய்வாளர்கள் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்ட எளிய முறை இது. நீர் ஊற்றிய குப்பி ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. கறுக்காவிட்டாலும் முழு நற்சான்று அல்ல. உறுதியான முடிவுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

தொட்டிக்குக் குளோரின் இடும் கணக்கு நல்லதொரு கணிதப் பயிற்சி. 1000 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வர 1 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 25 விழுக்காடு குளோரின் இருந்தால் 4 கிராம் பவுடர். திறந்து வைத்த பவுடரில் குளோரின் குறைந்துகொண்டே போகும். அதனால் கணக்கோடு நிற்காமல், அரை மணி நேரம் கழித்துக் குழாயில் சோதித்தால்தான் விடை சரியா என்று தெரியும்.

இப்போது எங்கள் கரும்பலகையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: உப்பு ஒன்று, குளோரின் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் அது எதைச் சொல்லாது என்பதையும் மாணவர்களே எழுதுகிறார்கள். குளோரின் 0.2-க்குக் கீழே போன நாளில் தலைமையாசிரியரிடம் முதலில் ஓடிச் சொல்வதும் அவர்கள்தான்.