பெயருக்குள்ளே என்ன இருக்கு? – இரண்டு குட்டிக் கார்கள் சொல்லும் வியாபாரப் பாடம்



ஆடி கடைசி வெள்ளி என்றாலே நம்ம இருக்கன்குடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் மாரியம்மனைப் பார்க்க நாலாபக்கமும் இருந்து சனங்கள் வருவார்கள். நடந்து வருகிறவர்கள், வேனில் வருகிறவர்கள், குடும்பத்தோடு வந்து பொங்கல் வைக்கிறவர்கள் என்று ஊரே நிறையும். அந்த நேரத்தில் கடை போட்டு நம் பொருட்களை விற்க வேண்டும் என்று பல குழுக்கள் ஆர்வமாக இருக்கிறீர்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

இதையொட்டி, குழுக் கூட்டங்களுக்கு வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாமளே வறுத்து, அரைச்சு, சலிச்சு கஷ்டப்படுறதுக்குப் பதிலா மொத்த வியாபாரிகிட்ட பொடியா வாங்கி, நம்ம கூட்டமைப்பு லேபிளை ஒட்டி வித்தா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். கடன் வாங்கித்தான் தொழில் செய்கிறோம். லாபம் வந்தால்தான் தவணை கட்ட முடியும். ஆகவே இதற்கு "கூடாது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லாமல், பெரிய பெரிய கம்பெனிகள் இதே கேள்வியை எப்படிச் சந்தித்தன என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம். இரண்டு கார்களின் கதை இது. காருக்கும் சாம்பார் பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். கடைசியில் நம்ம கணக்கு நோட்டுக்கே வந்து சேருவோம்.

முதல் கதை: பெரிய பெயர், சின்னக் கார்

இங்கிலாந்தில் ஆஸ்டன் மார்ட்டின் என்று ஒரு கார் கம்பெனி இருக்கிறது. 1913-ல் தொடங்கியது. வேகமாக ஓடும், விலை கோடிக்கணக்கில் போகும் ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்கிறவர்கள். ஜேம்ஸ் பாண்ட் சினிமாவில் கதாநாயகன் ஓட்டுகிற கார் என்று உலகமெங்கும் பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவர்களுக்குப் பல பத்து வருஷங்கள் ஆயின.

இப்படிப்பட்ட கம்பெனி 2011-ல் ஒரு குட்டிக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர் சிக்னெட். அன்னக்குஞ்சு என்று அர்த்தம். நீளம் 3 மீட்டரும் கொஞ்சமும்தான். நெருக்கடியான நகரத் தெருவில் ஓட்டவும், சின்ன இடத்தில் நிறுத்தவும் வசதியானது. ஐரோப்பாவில் கார்கள் விடும் புகைக்கு 2009-ல் புதிய கட்டுப்பாடு வந்திருந்தது. ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரியைப் பார்க்கும் சட்டம் அது. குறைவாகப் புகை விடும் சின்னக் கார் ஒன்று இருந்தால் அந்தச் சராசரி இறங்கும். சிக்னெட் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது.

ஆனால் அந்தக் காரை அவர்கள் முழுசாகச் செய்யவில்லை. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி 'ஐக்யூ' என்ற குட்டிக் காரைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. அதையே வாங்கினார்கள். முன்பக்கம் தங்கள் கம்பெனியின் அடையாளமான கிரில்லைப் பொருத்தி, உள்ளே கையால் தைத்த உயர்ந்த தோல் போட்டு, நல்ல பெயின்ட் அடித்து, தங்கள் பெயரை ஒட்டினார்கள். எஞ்சின் அதே 1.3 லிட்டர் டொயோட்டா எஞ்சின்தான். விலை மட்டும் ஏறத்தாழ 31,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 22 லட்சம் ரூபாய். டொயோட்டாவின் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

வருஷத்துக்கு 4,000 கார் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் மொத்தமாகவே 150 கார் அளவுக்குத்தான் விற்றது. 2013-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆனது? மட்டமான வேலை என்று சொல்ல முடியாது. உள்ளே தோல் வேலையெல்லாம் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் வாங்குகிறவர் மனசில் ஒரு கேள்வி வந்துவிட்டது: "இதே கார் பக்கத்துக் கடையில் மூணில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குதே, பேருக்காக நான் எதுக்கு மிச்சத்தைக் கொடுக்கணும்?" இந்தக் கேள்வி வந்த பிறகு எந்த விளம்பரமும் உதவாது.

இரண்டாவது கதை: நல்ல கார், தப்பான அடைமொழி

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். டாடா மோட்டார்ஸ் 2008 ஜனவரி 10 அன்று டெல்லி கண்காட்சியில் நானோ காரை அறிமுகம் செய்தது. அப்பா ஸ்கூட்டர் ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் அம்மா கைக்குழந்தையோடு உட்கார்ந்து போகிற குடும்பங்களைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார் என்பதே இலக்கு. நானோவும் சுமார் 3 மீட்டர் நீளம்தான். ஆனால் உள்ளே நாலு பேர் தாராளமாக உட்காரலாம். இது அவர்களே யோசித்துச் செய்த கார்.

அதே 2008 ஜூன் மாதம் டாடா கம்பெனி ஜாகுவார், லேண்ட்ரோவர் என்ற விலை உயர்ந்த கார்க் கம்பெனிகளையும் வாங்கியது. ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயர் போனது. ஆனால் அந்தப் பெரிய பெயரை எடுத்து நானோ மேல் ஒட்டவில்லை. ஜாகுவார் ஜாகுவாராகவே விற்றது. நானோ நானோவாகவே விற்றது. இந்த அளவில் அவர்கள் செய்தது சரி.

அப்படியிருந்தும் நானோ நிலைக்கவில்லை. மேற்கு வங்கம் சிங்கூரில் நிலம் எடுத்ததை எதிர்த்துப் போராட்டம் நடந்ததால் 2008 அக்டோபரில் தொழிற்சாலையைக் குஜராத்தின் சானந்துக்கு மாற்ற வேண்டி வந்தது. காலதாமதம் ஆனது. சில கார்கள் தீப்பிடித்த செய்தி மக்களைப் பயமுறுத்தியது. விலையும் போகப் போக ஏறியது. இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. "உலகத்திலேயே மலிவான கார்" என்ற அடைமொழி. அதை அப்படிச் சொல்லி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். ஸ்கூட்டரில் போன குடும்பம் வாழ்க்கையில் முதல் முறையாகக் கார் வாங்குகிறது. தெருவே வந்து பார்க்கிறது. அப்போது "இருக்கிறதிலேயே விலை கம்மியான காரு இதுதானே?" என்று யாராவது கேட்டால் அந்த அம்மா முகம் எப்படி ஆகும்? சிக்கனமாக இருக்க எல்லோருக்கும் ஆசை. "மட்டமானதை வாங்கினவ" என்று பெயர் எடுக்க யாருக்கும் ஆசை இல்லை. சானந்து ஆலை வருஷத்துக்கு 2.5 லட்சம் கார் செய்யக் கூடியது. மிக அதிகமாக விற்ற 2011-12 ஆம் ஆண்டில்கூட விற்பனை 75,000-ஐ எட்டவில்லை. 2018-ல் உற்பத்தி நின்றுபோனது.

சின்னதாகச் செய்து ஜெயித்தவர்களும் உண்டு

அப்படியானால் சின்னதாக, விலை குறைவாகச் செய்வதே தப்பா? இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் 1970களில் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அதுவரை ஷாம்பூ பாட்டிலில்தான் வரும், வசதியுள்ளவர்கள்தான் வாங்குவார்கள். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய கம்பெனி, சிக் ஷாம்பூவை இதே வழியில் கிராமம் கிராமமாகக் கொண்டு போய்ச் சேர்த்தது.

பாக்கெட்தான் சின்னதாச்சு. உள்ளே இருந்தது ஷாம்பூதான். "மலிவு ஷாம்பூ" என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வாங்குகிறவருடைய கையிலிருந்த காசுக்குத் தகுந்த அளவில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் ஒன்றுதான். பெயர் எதைச் சொல்கிறதோ அது பொட்டலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அளவைக் குறைக்கலாம். பொருளைக் குறைக்கக் கூடாது, வாங்குகிறவர் மரியாதையையும் குறைக்கக் கூடாது.

இப்போது நம்ம கணக்கு

200 கிராம் சாம்பார் பொடி பாக்கெட்டை 80 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இது பாடத்துக்கான மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

நாமே செய்தால்: வத்தல், மல்லி, பருப்பு முதலிய பொருட்கள் 40 ரூபாய். அரைப்புக் கூலி 4 ரூபாய். கவர், லேபிள் 6 ரூபாய். நம் உறுப்பினர்களின் கூலி 12 ரூபாய். மொத்தம் 62 ரூபாய். லாபம் 18 ரூபாய்.

வெளியில் வாங்கினால்: பொடி 40 ரூபாய். கவர், லேபிள் 6 ரூபாய். வண்டி வாடகை 2 ரூபாய். மொத்தம் 48 ரூபாய். லாபம் 32 ரூபாய்.

பார்த்தவுடன் என்ன தோன்றும்? "பாக்கெட்டுக்கு 14 ரூபாய் கூட வருதே!" என்றுதானே? பொறுங்கள். நாமே செய்யும்போது அந்த 12 ரூபாய் கூலி எங்கே போகிறது? வத்தல் காயப்போட்ட அக்கா வீட்டுக்கும், வறுத்த தங்கச்சி வீட்டுக்கும்தான். அதையும் சேர்த்தால் நம் பெண்கள் கைக்கு வருவது 18 + 12 = 30 ரூபாய். வெளியில் வாங்கினால் 32 ரூபாய். நிஜமான வித்தியாசம் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் மட்டுமே! ஆடித் திருவிழாவில் 500 பாக்கெட் விற்றால் 1,000 ரூபாய்.

உடல் உழைப்பு மிச்சம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கூலி வேலை குறைவாக இருக்கும் மாதத்தில் நம் பெண்களுக்குத் தேவைப்படுவதே அந்த வேலைதான். வருஷக்கணக்கில் சம்பாதித்த பெயரை 1,000 ரூபாய்க்காகப் பணயம் வைக்கலாமா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். பச்சைப் பொருளே நமக்கு 40 ரூபாய் ஆகிறது. அரைத்து, சலித்து, லாபமும் வைத்து வியாபாரி அதே 40 ரூபாய்க்கு எப்படித் தருகிறார்? மொத்தமாக வாங்குவதால் அவருக்கு விலை குறையலாம். அதில் வேறு ஏதாவது கலந்தும் இருக்கலாம். எது என்று நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல்தான் நம் பெயரை ஒட்டப் போகிறோம்.

லேபிள் ஒரு வாக்குறுதி

சிவகாசி பக்கத்தில் இருக்கிற நமக்கு லேபிள் அடிப்பது பெரிய காரியம் இல்லை. ரெண்டு நாளில் கலர் கலராக அடித்துக் கொடுத்துவிடுவார்கள். லேபிளில் இருக்கிற பெயரைச் சம்பாதிக்கத்தான் வருஷக்கணக்காகும்.

நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துக் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்தது. எங்கேயோ செய்துவிட்டு அந்த ஊர்ப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பாதுகாப்பு. ஊர்ப் பெயருக்கே இவ்வளவு மதிப்பு என்றால் நம் கூட்டமைப்புப் பெயருக்கும் மதிப்பு உண்டு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. உணவுப் பொருள் விற்கும் குழு, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பாக்கெட்டில் சேர்ந்துள்ள பொருட்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தயாரித்தவர் முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். பொய்யான லேபிள் ஒட்டினால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

வெளியில் வாங்கி விற்பதே குற்றம் என்று சொல்லவில்லை. அப்படி விற்றால், செய்தவர் பெயரையும் பொட்டலமிட்டவர் பெயரையும் உள்ளபடி போட்டு விற்க வேண்டும். "நாங்களே வீட்டில் அரைத்தது" என்று எழுதக் கூடாது.

கடைப் பலகையில் என்ன எழுதுவது என்பதையும் யோசியுங்கள். "மலிவு விலை, ஏழைகளுக்கு ஏற்றது" என்று எழுதினால் நானோ கதைதான். "கையால் வறுத்து அரைத்தது. 50 கிராம் பாக்கெட்டும் கிடைக்கும்" என்று எழுதிப் பாருங்கள். காசு குறைவாக இருக்கிறவரும் தலை நிமிர்ந்து வாங்குவார். பிடித்திருந்தால் அடுத்த வருஷம் தேடி வந்து பெரிய பாக்கெட் கேட்பார்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவின் பெயரைக் கேட்டவுடன் மக்களுக்கு நினைவுக்கு வரும் பொருள் எது? அதை வாங்குகிறவர்கள் ஏன் நம்மிடம் வாங்குகிறார்கள்?

2. புதிதாகச் செய்ய நினைக்கும் பொருளில் நம் கைவேலை எவ்வளவு? லேபிள் மட்டும்தான் நம்முடையதா?

3. செலவுக் கணக்கில் நம் கூலியைத் தனியாக எழுதியிருக்கிறோமா? கூலியைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் எவ்வளவு?

4. இதே பொருள் பக்கத்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால், நம் விலைக்கு நாம் சொல்லும் காரணம் என்ன?

5. முதலில் 50 பாக்கெட் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கடன் தொகையை முடிவு செய்யலாமா?

இந்த ஐந்து கேள்விக்கும் எல்லா உறுப்பினர்களும் பதில் சொல்ல வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். கூட்டத்தில் வாய் திறக்காத அக்காதான் பல நேரம் சந்தை நிலவரத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பார். எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆடிக் கடையில் எந்தக் குழு எந்தப் பொருளைப் போடுவது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.