பாதி வில்லை சொல்லும் செய்தி

பெர்லின் நகருக்குத் தெற்கே ஹால்பெ என்னும் சிற்றூர் உள்ளது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அவ்வூரைச் சுற்றியுள்ள காடுகளில் கடும்போர் மூண்டது. சோவியத் படை நாற்புறமும் சூழ்ந்துகொள்ள, ஜெர்மானிய வீரர்களும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். பலர் விழுந்த இடத்திலேயே அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டனர். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், 'பெயர் அறியப்படாத வீரர்' என்ற சொற்களைத் தாங்கிய கற்கள் இன்றும் பல உள்ளன.

போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இத்தகைய இடங்களில் எலும்புகள் கிடைத்த வண்ணம் இருக்கின்றன. சீருடை மக்கிவிடும், சட்டைப்பையில் இருந்த கடிதமும் நிழற்படமும் அழிந்துவிடும். எஞ்சுவது பெரும்பாலும் ஒரு சிறிய உலோக வில்லைதான். இறந்தவர் யார் என்பதை அறிய அதுவே முதல் சான்று.

இரண்டாம் உலகப்போரில் ஒவ்வொரு ஜெர்மானிய வீரரும் முட்டை வடிவிலான அடையாள வில்லை ஒன்றைக் கழுத்தில் அணிந்திருந்தார். அலுமினியம், துத்தநாகம் போன்ற உலோகங்களால் அது செய்யப்பட்டது. வில்லையின் நடுவே குறுக்காகச் சிறு பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் ஒரே விவரங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். வீரர் இறந்தால், உடனிருப்போர் கீழ்ப்பாதியை ஒடித்து எடுத்து மேலிடத்திற்கு அனுப்புவர். மேல்பாதி உடலுடனேயே இருக்கும்.

இதனால், கிடைக்கும் வில்லையின் வடிவமே ஒரு செய்தியைச் சொல்கிறது. மேல்பாதி மட்டும் கிடைத்தால், அந்த வீரரின் இறப்பை அன்றே யாரோ கண்டறிந்துள்ளனர் என்று கொள்ளலாம். முழு வில்லையும் கிடைத்தால், அவரது இறப்பு பதிவாகாமலே போயிருக்கலாம். அவர் பெயர் இன்னமும் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கக்கூடும்.

வியப்பு என்னவென்றால், இந்த வில்லையில் வீரரின் பெயர் இல்லை. படைப்பிரிவின் சுருக்கப் பெயர், வீரரின் வரிசை எண், இரத்த வகை ஆகியவையே பொதுவாக இடம்பெற்றிருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு வில்லையில் '2./இன்ஃப். எர்ஸ். பட். 24' என்றும், அதனுடன் 187 என்றும் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சாய்கோட்டுக்கு முன்னுள்ள 2 என்பது இரண்டாம் கம்பெனியைக் குறிக்கும். 'இன்ஃப்.' என்பது காலாட்படை. 'எர்ஸ்.' என்பது போர்முனைக்குப் புதிய வீரர்களைப் பயிற்றுவித்து அனுப்பும் மாற்றுப் படைப்பிரிவு. 'பட்.' என்பது பட்டாளம். 24 அதன் எண். 187 என்பது பதிவேட்டில் அவ்வீரருக்குரிய வரிசை எண்.

இங்கே ஆய்வாளர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வில்லையில் காணப்படுவது, வீரருக்கு அதனை வழங்கிய படைப்பிரிவின் பெயர். பயிற்சி முடிந்ததும் அவர் வேறொரு பிரிவுக்கு அனுப்பப்பட்டிருப்பார். காயமடைந்து குணமான பின் மற்றொரு பிரிவில் சேர்ந்திருப்பார். ஆயினும், பழைய வில்லையே அவர் கழுத்தில் தொடர்ந்து இருந்திருக்கும். ஆகவே, வில்லையை மட்டும் பார்த்து, "இவர் இந்தப் பிரிவில் போரிட்டு இறந்தார்" என முடிவு செய்தல் தவறாகும்.

அவ்வாறாயின், பெயரைக் கண்டறிவது எப்படி? அதற்கு ஆவணங்கள் துணைபுரிகின்றன. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்லினில் ஒரு தகவல் அலுவலகம் தொடங்கப்பட்டது. எந்த எண்ணுள்ள வில்லை யாருக்கு வழங்கப்பட்டது என்னும் பட்டியலைப் படைப்பிரிவுகள் அதற்கு அனுப்பி வைத்தன. வீரர் இடம் மாறியதும் காயமுற்றதும் அங்கே பதிவாயின. அந்த அலுவலகம் சேர்த்த 18 மில்லியனுக்கும் மேற்பட்ட பெயர் அட்டைகள் போருக்குப் பின்னும் பாதுகாக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு முதல் இவ்வாவணங்கள் ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. படைப்பிரிவும் எண்ணும் பட்டியலோடு பொருந்தினால், பெயர் தெரியவரும். பெயர் தெரிந்தால், குடும்பத்தாரைத் தேடலாம்.

1919ஆம் ஆண்டில் தோன்றிய ஜெர்மன் போர்க் கல்லறைப் பராமரிப்புச் சங்கம், பல நாடுகளில் இத்தகைய உடல்களைத் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்துவருகிறது. அதன் பணிக்குப் பெருந்தடையாக இருப்போர், பழம்பொருள் விற்பனைக்காகப் புதைகுழிகளைக் கிளறுவோர். வில்லையை உடலிலிருந்து பிரித்து எடுத்துச் சென்றுவிட்டால், அது சந்தையில் விலைபோகும் வெறும் உலோகத் துண்டாகிவிடும். மண்ணில் கிடப்பவரோ என்றென்றும் பெயரற்றவராகிவிடுவார். எனவே, வில்லையைக் காண்பவர் அதனைத் தொடாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே முறை.

இப்பணி போரைப் போற்றுவதற்காகச் செய்யப்படுவதன்று. அந்தப் போரைத் தொடங்கிய ஆட்சியின் கொடுமைகளை அது மறைப்பதும் இல்லை. கணவர் திரும்புவார் என்று காத்திருந்த மனைவியரும், தந்தையின் முகம் அறியாது வளர்ந்த பிள்ளைகளும் அந்நாட்டில் ஏராளம். அவர்களுள் பலர் விடை தெரியாமலே மறைந்துவிட்டனர். உயிரோடு இருப்போருக்கேனும், "அவர் இங்கேதான் இருக்கிறார்" என்று ஓர் இடத்தைக் காட்ட ஒரு பாதி வில்லை போதுமானது.