நூற்கண்டுக் கட்டையும் கைத்தொழிலும்

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. தையற்காரர் வீட்டுப் பழம் பெட்டிகளில் கிடக்கும் மர நூற்கண்டுக் கட்டைகளுக்கு இவ்வாக்கு முற்றும் பொருந்தும். இன்று தையல் நூல் பிளாஸ்டிக் உருளையிலும் காகிதக் கூம்பிலும் சுற்றி வருகின்றது. எஞ்சியுள்ள மரக்கட்டைகளை அடுப்பிலிடுமுன் அவற்றின் வரலாற்றையும் பயனையும் சற்று அறிந்து கொள்வோமாக.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து தேசத்துப் பெய்ஸ்லி நகரில் கிளார்க் குடும்பத்தார் பருத்தித் தையல் நூல் செய்து விற்கலாயினர். முதலில் கழிகளாக விற்ற நூலைப் பின்னர் மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்தனர். கட்டைக்கென அரைப் பென்னி கூடுதலாக வாங்கி, வெறுங்கட்டை திரும்பி வந்ததும் அக்காசை மீளக் கொடுத்தனர். சிக்கனம் அன்றே அவர்தம் வாணிபத்தில் இடம் பெற்றிருந்தது.

இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் 1835இல் கட்டப்பெற்ற ஸ்டாட் பார்க் ஆலை, 1971 வரை கட்டைகளைக் கடைந்து தந்தது. இன்று அது ஓர் அருங்காட்சியகம். இத்தகைய ஆலைகளுக்கு வேண்டிய மரத்தை வேரோடு அழிக்காமல், வெட்டிய அடியிலிருந்து தழைக்கும் கொம்புகளை ஆண்டுகள் சில வளரவிட்டு மீண்டும் வெட்டினர். நம் உழவர் கரும்பில் மறுதாம்பு விடுவதை இது ஒக்கும். மரம் வளர்க்கும் பஞ்சாயத்துக்கள் கருதத்தக்க முறை இது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. ஸ்காட்லாந்தினரான ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரை ஆலை, பெய்ஸ்லியில் தோன்றிய கோட்ஸ் நூல் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு 1974இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று.

இனி, நாம் செய்த தவறொன்றையும் மறைக்காமல் கூறுவோம். நம் ஒன்றியத்து மகளிர் குழு ஒன்று, இரு சாக்குப் பழங்கட்டைகளைச் சேர்த்தது. அவற்றை நீரில் ஊறவைத்துக் கழுவி வண்ணம் பூசுமாறு நாமே யோசனை கூறினோம். பல கட்டைகள் வெடித்தன. முனைகளில் ஒட்டியிருந்த பழைய முத்திரைத் தாள்கள் கரைந்தன. வாங்க வந்தவரோ அம்முத்திரைகளையே முதலில் தேடினார்! அப்பெண்களின் ஒரு மாத உழைப்பு வீணாயிற்று. அன்று கற்ற பாடமே இக்கட்டுரை.

முதலாவது துப்புரவு. கட்டையை ஊறவைத்தல் கூடாது. ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துக. முத்திரைத் தாளை நனைக்கற்க. துளையிலிருந்து மாவு உதிருமாயின் அதில் உளுப்பூச்சி உண்டு. அதை உடனே பிரித்து வைக்க.

இரண்டாவது பின்னற் கட்டை. முத்திரை அழிந்த கட்டையின் மேல்முனையில் துளையைச் சுற்றி 4 சிறு ஆணிகளை அறைக. நூலின் நுனியைத் துளை வழியே கீழே விட்டு, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சுற்றுச் சுற்றுக. பின்னும் ஒரு முறை நூலை ஆணிகளின் வெளிப்புறமாகக் கொண்டு சென்று, கீழுள்ள கண்ணியை மேலுள்ள நூலின்மீது தூக்கி ஆணிக்கு அப்பால் விடுக. இவ்வாறே தொடர, உருண்டையான பின்னற் கயிறு கீழே இறங்கும். அதைச் சுருளாக வைத்துத் தைத்தால் பிரிமணை ஆகும்.

மூன்றாவது ஊர்தி. துளை வழியே ரப்பர் வளையத்தைச் செலுத்தி, ஒரு புறம் சிறு குச்சியால் நகராதபடி நிறுத்துக. மறுபுறம் துளையிட்ட மெழுகுத் துண்டொன்றைக் கோத்து நீண்ட குச்சியைச் செருகுக. நீண்ட குச்சியை முறுக்கித் தரையில் விட்டால் கட்டை தானே ஊர்ந்து செல்லும். முறுக்கில் சேமித்த ஆற்றலே அதை ஓட்டுகிறதென்று பள்ளிச் சிறார்க்கு விளக்கலாம்.

நான்காவது அடுக்குப் பலகை. பலகைகளின் நான்கு மூலையிலும் கட்டைகளை அடுக்கி, நடுவே இரும்புக் கம்பி செலுத்தி முடுக்கினால் உறுதியான தட்டு அமையும்.

எச்சரிக்கை ஒன்று: பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அத்தகைய கட்டையைத் தேய்த்தலும் குழந்தை கையில் தருதலும் ஆகா. சிறு கட்டைகள் தொண்டையில் அடைக்குமாதலால் 3 வயதிற்கு உட்பட்ட குழந்தைகட்கு அவற்றைக் கொடுத்தல் கூடாது.

விற்க விரும்புவோர் பொருளின் விலையோடு தம் உழைப்பு நேரத்தையும் கணக்கிடுக. புதியதைப் பழையதென்று கூறற்க. பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: எந்தக் குழுவிற்கும் நூறு பொருளைச் செய்யச் சொல்லுமுன், பத்தைச் செய்து சந்தையில் காட்டச் சொல்லுங்கள். நமக்கு அன்று தோன்றாத யோசனை இது.