குச்சி நட்டால் நூல் திறக்கும்

கேள்வி: நூலகத்திலிருந்து கொண்டுவரும் அறிவியல், கணித நூல்களை என் மகள் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஆலங்குடி

பதில்: நூலில் குறை இருக்காது, கைக்கு வேலை இல்லாததுதான் குறை. வெயிலில் ஒரு குச்சியை நட்டு, 11.45 முதல் 12.45 வரை நிழலை அளக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் பெரும்பாலான நாட்களில் 12 மணி கழிந்தே விழும். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. ஆலங்குடி ஏறத்தாழ 79 பாகையில் இருக்கிறது. மேற்கே தள்ளும் ஒவ்வொரு பாகைக்கும் உச்சிவேளை 4 நிமிடம் பிந்தும். இது தெரியாத பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும். அப்போது நூலை நீட்டுங்கள். ‘எனக்கே அறிவியல் தெரியாதே’ என்பீர்கள். அது தடையில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. சேர்ந்து உட்கார ஆள் இருந்ததுதான் அங்கே முக்கியம். ‘மதிப்பெண் என்னாகும்?’ என்றும் கேட்பீர்கள். அளந்ததை வரைபடமாக்கினால் அதுவும் பாடக் கணக்குதான்.