வலமும் இடமும்: சுழல்திசைச் சொற்களில் மறைந்துள்ள நோக்குநிலை

தமிழ்க் கலைச்சொல் வழக்கில் 'வலஞ்சுழி', 'இடஞ்சுழி' என்னும் சொற்கள் கடிகாரத் திசை, கடிகார எதிர்த்திசை என்பவற்றுக்கு நிகராக இன்று வழங்கப்பெறுகின்றன. இயற்பியல் பாடநூலில் வலஞ்சுழித் திருப்புத்திறன் எனப் பயிலும் மாணவர் கடிகார முள்ளை மனத்தில் நிறுத்தியே அதனை உணர்கின்றனர். பெரும்பாலான இடங்களில் இந்நிகர்ப்பாடு இடர் தருவதில்லை. பழம்பனுவல்களுக்குப் பொருள் காணும்போதும் அகராதி வரையும்போதும் நிலைமை வேறு. தமிழ் மரபு 'வலம்புரி' என்று போற்றும் சங்கினை விலங்கியல் 'இடஞ்சுழி' என்று வகைப்படுத்துகிறது. பொருள் ஒன்று, பெயர்களோ நேர்மாறானவை. அவ்வாறாயின் சுழல்திசைப் பெயர்கள் இடுகுறி தாமோ என்னும் வினா எழுகிறது.

இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பர். சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் புலப்படுவதில்லை என்பது தொல்காப்பியர் கருத்து. சுழல்திசைப் பெயர்களுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். அவை காரணப்பெயர்களே, ஆயின் அக்காரணத்தின் ஒரு பகுதியான காண்போரின் நிலை, சொல்லில் வெளிப்படாமல் மறைந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

வலம்வருதல்

வலம்வருதல் என்னும் தொடரில் சுழற்சியைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. வலம் என்பது உடலின் ஒரு பக்கம். கருவறை தம் வலக்கைப் பக்கம் இருக்குமாறு நடப்பதே வலம்வருதல். கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் உள்ள சோழர்காலத் தேனுபுரீசுவரர் கோயிலின் விமானம் யானையின் பின்புறம் போன்ற வளைவுடையது. அதன் திருச்சுற்றில் நடப்பவர் சதுரத்தைச் சுற்றுகிறோமா வளைவைச் சுற்றுகிறோமா என்று எண்ண வேண்டியதில்லை. வலக்கைப் பக்கம் எது என்று அறிந்தாற் போதும். இந்நடையை 'கடிகாரத் திசை' என்று பெயர்த்தால், விமானத்திற்கு மேலே நின்று கீழ்நோக்கிப் பார்க்கும் ஒருவரைப் புதிதாகப் படைத்துவிடுகிறோம். அவர் மூலச் சொல்லில் இல்லாதவர்.

வலம் நன்று, இடம் தீது எனும் மதிப்பீடு வலக்கைக்குத் தரும் முதன்மையிலிருந்து தோன்றியது எனக் கொள்வதில் தடையில்லை. வலம் என்பதற்கு வலிமை, வெற்றி என்னும் பொருள்களும் உள்ளமை இதற்குத் துணையாகும். எனினும் மரபு ஒரே திசையில் இறுகிவிடவில்லை. பிரதோச வேளையில் சிவன் கோயில்களில் நிகழும் சோமசூக்தச் சுற்றில் அடியவர் கோமுகியைக் கடவாமல் வலமும் இடமுமாக மாறிமாறி நடக்கின்றனர்.

ஞாயிறும் நிழலும்

கடிகார முள் இத்திசையில் சுழல்வதற்கு, வட அரைக்கோளத்து நிழற்கடிகாரத்தில் நிழல் நகர்ந்த முறையே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். ஐரோப்பாவில் நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்பதால், காலையில் மேற்கே விழும் நிழல் வடக்கு வழியாக மாலையில் கிழக்கை அடையும். ஆகவே கடிகாரத் திசையும் இடுகுறியன்று. அதற்கும் காரணம் உண்டு. ஆனால் அது அந்நிலப்பரப்புக்கு உரிய காரணம்.

தாம்பரம் ஏறத்தாழ 12.9 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. இங்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி ஞாயிறு தலைக்கு நேர்மேலே வருகிறது. நிமிர்ந்து நிற்கும் கோலுக்கு அன்று நண்பகலில் நிழலே இல்லை. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு திங்கள் நண்பகல் ஞாயிறு வடக்கே நிற்கும். கோலின் நிழல் தெற்கே விழும். அப்போது நிழல் மேற்கிலிருந்து தெற்கு வழியாகக் கிழக்கை அடைகிறது. காலை மாலைகளில் நேரும் சிறு விலகலை ஒதுக்கிவிட்டால், அது கடிகார எதிர்த்திசை. கடிகாரம் இவ்வூர் முற்றத்தில், சித்திரையில் நட்ட கோலைக் கொண்டு உருவாகியிருந்தால் அதன் முள் எத்திசையில் சுழன்றிருக்கும் என்பது வேடிக்கையான வினா மட்டும் அன்று. முல்லைப்பாட்டு குறிப்பிடும் குறுநீர்க் கன்னல் நீரின் அளவால் பொழுதை அளந்தது. சுழலும் உறுப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆதலால் பழந்தமிழரின் காலக்கணிப்பிலிருந்து 'வலஞ்சுழி' என்ற சொல்லுக்குக் காரணம் தேடுவது பயன் தராது.

மாறாக, சிலப்பதிகார மங்கல வாழ்த்து ஞாயிற்றைப் போற்றுவதற்குக் கூறும் காரணம், அது மேருவை வலமாகத் திரிகிறது என்பது. திருமுருகாற்றுப்படையின் தொடக்கமும் ஞாயிற்றின் வலத்திரிவைச் சுட்டுகிறது. இங்கு நோக்குநிலை நம் முற்றம் அன்று. வடக்கே உள்ளதாகக் கருதப்பெற்ற மேரு. நண்பகல் ஞாயிறு தாம்பரத்துக்குத் தெற்கே நின்றாலும் வடக்கே நின்றாலும் மேருவுக்குத் தெற்கேதான் நிற்கிறது. எனவே கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் ஞாயிற்றுக்கு மேரு எந்நாளும் வலக்கைப் பக்கமே. வேனிலில் நிழல் திசைமாறினாலும் இக்கூற்று பொய்ப்பதில்லை. புலவரை வானியலாராகக் காட்டுவது இங்கு நோக்கம் அன்று. மையத்தையும் சுற்றுவோரின் கையையும் ஒருங்கே சொல்லும் தொடர் ஊர் மாறினும் நிலைபெறும். கடிகாரத்தை உவமையாகக் கொண்ட தொடருக்கு அவ்வுறுதி இல்லை.

சங்கின் புரி

மேற்கூறிய வினாவுக்கு மிகக் கடுமையான தேர்வு சங்குதான். மன்னார் வளைகுடாவில் குளிக்கப்பெறும் சங்கின் விலங்கியற் பெயர் டர்பினெல்லா பைரம். இவ்வினத்துச் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே வகையில் புரிந்தவை. அதற்கு எதிராகப் புரிந்தது மிக அரிது. அதனையே நாம் வலம்புரி என்கிறோம். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கு குறித்துத் தனிநூலே எழுதினார்.

விலங்கியலார் சங்கின் கூர்முனையை மேலே நிறுத்தி, வாய் தம்மை நோக்குமாறு வைப்பர். வாய் வலப்பக்கம் அமைந்தால் வலஞ்சுழி. இடப்பக்கம் அமைந்தால் இடஞ்சுழி. அரிய சங்கின் வாய் இவ்வாறு வைக்கும்போது இடப்பக்கம் அமைகிறது. இந்திய மரபில் கூர்முனை கீழாகவும் நீண்ட வாய்ப்பகுதி மேலாகவும் சங்கு பிடிக்கப்பெறுகிறது. தலைகீழாக்கினால் அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். ஆகவே இரு தரப்பினரும் தத்தம் நிலையில் முறையாகவே பெயரிட்டுள்ளனர்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. சங்கைத் தலைகீழாக்குவதால் அதன் புரி மாறுவதில்லை. திருகாணியை எம்முனையிலிருந்து பார்த்தாலும் அதன் புரி ஒன்றே ஆதல் போன்றது இது. இருவகைச் சங்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு உண்மையானது. எந்த உடன்பாட்டாலும் அதனை அழிக்க இயலாது. இடுகுறியாக நிற்பது, எதனை மேல் எனக் கொள்வது என்னும் ஒன்றே. சுழல்திசை யாவும் மனிதர் இட்ட பெயர் மட்டுமே என்பாரும், பெயரே இயற்கை என்பாரும் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

அகராதியாளர் கடமை

வலம்புரி விநாயகர் என்னும்போது துதிக்கை தெய்வத்தின் வலப்பக்கம் வளைகிறது. வணங்குவோருக்கு அது இடப்பக்கம். பிள்ளையார்பட்டித் திருவுருவம் அத்தகையது. வேதியியலில் வலஞ்சுழி மாற்றியம் என்பது தன்னை நோக்கி வரும் ஒளியை எதிர்கொண்டு காண்போருக்கு முனைவுத் தளத்தை வலமாகத் திருப்புவது. ஒளி செல்லும் திசையில் நின்று பார்த்தால் அத்திருப்பமே இடமாகத் தோன்றும். ஒரே அடைமொழி கோயிலில் தெய்வத்தின் உடலையும், திருச்சுற்றில் அடியவரின் உடலையும், ஆய்வகத்தில் ஒளிக்கு எதிர்நிற்பவரின் கண்ணையும் சார்ந்து பொருள் தருகிறது. 'வலப்பக்கமாகச் சுழன்ற' என்று மட்டும் பொருளெழுதும் அகராதிப் பதிவு இவற்றுள் எதனையும் விளக்குவதாகாது.

எனவே வலம், இடம் எனத் தொடங்கும் ஒவ்வொரு பதிவிலும் எவருடைய வலம், எதனை மேலாகக் கொண்டு, எப்பக்கம் நின்று என்னும் மூன்றும் இடம்பெறல் வேண்டும். வலம்புரிச் சங்கு என்னும் பதிவை, 'கூர்முனை கீழாகப் பிடிக்கும்போது வாய் காண்போரின் வலப்பக்கம் அமையும் அரிய சங்கு. கூர்முனையை மேலாகக் கொள்ளும் விலங்கியல் வழக்கில் இடஞ்சுழி எனப்படும்' என்று எழுதலாம். இரு வரிகள் கூடும். ஆயினும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இச்சங்கை விலங்கியற் கலைச்சொல்லால் வலஞ்சுழிச் சங்கு என்று பெயர்த்து, கடலில் மிகுதியாகக் கிடைக்கும் எளிய சங்கைத் திருமாலின் கையில் வைத்துவிடும் பிழை அதனால் நீங்கும்.