ஆலை வேன் திரும்பும் நேரத்துக்கு ஒரு படிவம்

சிவகாசிப் பக்கம் வகுப்பாசிரியராக இருப்பவர்கள் பட்டாசு ஆலையின் வேலை நேரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விடிந்த கொஞ்ச நேரத்தில் ஆலை வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வேலை நடக்கும் அறைகளுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்கள், அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். காலை பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து போகும் வாட்ஸ்அப் செய்தியை ஒரு அம்மா பார்க்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல், பெற்றோருக்கு அக்கறையே இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அக்கறை நிறையவே இருக்கிறது. நேரம்தான் நம்மோடு ஒத்துவருவதில்லை.

கூகுள் ஃபார்ம் எங்கள் வகுப்புக்கு உதவுவது அதனால்தான். நான் கேட்கும் நேரமும் அவர்கள் பதில் சொல்லும் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. வேலை நாளென்றால் இரவு ஏழரைக்கு மேல் அனுப்புவேன். சனிக்கிழமை மாலை சம்பளமும் கடைவீதியுமாகப் போய்விடும் என்பதால் அன்றைக்கு எதுவும் அனுப்புவதில்லை. ஞாயிறு காலை நல்ல நேரம்.

ஜூனில் அனுப்பும் முதல் படிவத்தில் சில கேள்விகள்தான். மின்னஞ்சல் கேட்கும் வசதியையும் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டையும் அணைத்துவிட வேண்டும். கட்டுப்பாடு இருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். கடவுச்சொல் நினைவில்லாதவர்கள் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள். கோப்பு பதிவேற்றும் கேள்விக்கும் இதே சிக்கல் உண்டு. பிள்ளையின் பெயரையும் வரிசை எண்ணையும் முன்கூட்டியே நிரப்பி இணைப்பை எடுக்க ஃபார்மில் வழி இருக்கிறது. அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இணைப்பு அனுப்பினால், ஒரே பெயரை நாலு விதமாக எழுதிவைத்த பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. செல்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம் மட்டும் ஏற்கும்படி சரிபார்ப்பு வைத்துவிடுங்கள்.

கேள்விகள் வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கட்டும். 'பாதுகாவலர் விவரம்' என்று போட்டால் யாருக்கும் கை ஓடாது. 'பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று கேட்டு அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா, பெரியம்மா, அக்கா என்று வரிசையாகக் கொடுத்தால் ஒரு தொடுதலில் பதில் வரும். 'உங்களோடு எந்த நேரத்தில் பேசலாம்?' என்பது அடுத்தது. வருடம் முழுக்க எனக்கு அதிகம் பயன்படுவது அந்தப் பதில்தான்.

பெற்றோர் வேலை பார்க்கும் ஆலையின் பெயர், ஆலை அலுவலக எண், ஆலைக்குப் போகாத ஒரு உறவினரின் எண் ஆகிய மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறேன். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் உதவிக்கு ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும். எங்காவது சத்தம் கேட்டது என்ற பேச்சு வந்தவுடன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் முகம் மாறிவிடும். அந்த நேரத்தில் ஆலையின் பெயரை வைத்துப் பட்டியலை வடிகட்டினால், அங்கே அம்மா அப்பா இல்லாத பிள்ளைகளை உடனே அமைதிப்படுத்தலாம். மற்றவர்கள் விஷயத்தில் உறவினரிடம் பேசி விவரம் தெரியும்வரை பக்கத்திலேயே இருக்கலாம். இந்த மூன்று விவரங்களையும் அச்செடுத்து வருகைப் பதிவேட்டுக்குள் வையுங்கள். அன்றைக்கு நெட் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு திறந்த கேள்வி: 'பிள்ளையைப் பற்றி டீச்சருக்குத் தெரிய வேண்டியது ஏதாவது உண்டா?' தமிழில் தட்டச்சு செய்ய வராதவர்களுக்கு விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுப் பேசக் கற்றுக்கொடுத்தேன். ஓர் அம்மா இப்படிப் பேசி அனுப்பியிருந்தார்: "போர்டுல எழுத்து மங்கலாத் தெரியுதாம் டீச்சர். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறா." மறுநாளே அந்தப் பெண்ணை முன்வரிசைக்கு மாற்றினேன், கண் பரிசோதனைக்கும் அனுப்பினோம். வகுப்பில் வைத்துக் கேட்டிருந்தால் நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பாள்.

பட்டன் போன் மட்டும் இருக்கிற வீடுகளும் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நானே நிரப்பிவிடுவேன்.

விடுப்புக்கும் ஒரு சின்னப் படிவம் வைத்திருக்கிறேன். பெயர், தேதி, காரணம், அவ்வளவுதான். காரணங்களில் 'வேலைக்குப் போனான்' என்று ஒரு கட்டம் வைத்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஒரு மாணவி காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று மாற்றி மாற்றி விடுப்பு எடுத்தாள். ஆச்சி ஊருக்குப் போகிற நாட்களில் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதுதான் நிஜம். தம்பிக்கு அங்கன்வாடியில் இடம் கேட்டுவிட்டோம். அவளுக்கும் காய்ச்சல் வருவது நின்றது.

எனக்கென்றும் ஒரு படிவம் உண்டு. பெயரைப் பட்டியலில் தொட்டு, நடந்ததை ஒரே வரியில் எழுதிவிடுவேன். 'அடங்காதவன்' என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. 'மூன்றாம் பாடவேளையில் நோட்டைக் கிழித்தான்' என்று இருக்கும். நல்லதையும் எழுதவேண்டும். பெற்றோர் வரும்போது முதலில் அதைத்தான் படித்துக்காட்டுகிறேன்.

மதிப்பெண் குறைந்தது, சண்டை, களவு ஆகியவற்றைப் படிவத்திலோ குழுச் செய்தியிலோ தொடவே கூடாது. நேரில் பேசவேண்டிய விஷயங்கள் அவை. சுற்றுலா போன்றவற்றுக்குச் சம்மதம் வாங்கக் காகிதத்தில் கையெழுத்துதான் சரி. பகலெல்லாம் போன் பிள்ளை கையில் இருக்கிற வீட்டில், பொத்தானை அழுத்தியது யார் என்று நமக்குத் தெரியாது.

ஆதார், வங்கிக் கணக்கு எண்களை இதில் கேட்காதீர்கள். பள்ளிக்கு வேண்டிய விவரங்களுக்குக் கல்வித் துறையின் எமிஸ் தளம் இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று படிவத்தின் தலைப்பிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். பதில்களின் தொகுப்பை எல்லோருக்கும் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று அனுப்புமுன் பார்க்கவேண்டும். அது திறந்திருந்தால் ஒரு வீட்டு விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆண்டு முடிந்ததும் தொடர்பு எண்களை அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு மற்றதை அழித்துவிடுகிறேன்.

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் நான் படிவம் எதுவும் அனுப்புவதில்லை. அம்மாக்கள் பகலில் வீட்டில் இருப்பார்கள். ஜூனில் வந்த பதில்களை ஒருமுறை படித்துவிட்டு, பள்ளி விட்டதும் வீடுகளுக்கே கிளம்பிவிடுவேன்.